மகள் பால் குடித்து முடியும்வரை

வேலணை மைதானத்தில் எங்கள் கழகத்தின் உடைமாற்றும் அறையை ஒட்டி இப்போது ஒரு சின்ன அறை கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கதிரை, ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் குழாய், பிள்ளையைத் தூங்கவைக்கும் சீலை ஏணை கட்டுவதற்கு மேலே ஒரு கொளுக்கி. கதவில் ‘தாய்மார் அறை’ என்று எழுதியிருக்கிறது. திறப்புவிழா மலருக்கு நான் ஏதாவது எழுதவேண்டும் என்று விளையாடுகிற பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்று மூன்று வருடமாகவில்லை. முப்பத்திரண்டு வயதில் அனுபவக் கட்டுரை எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்டவர்களில் ஒருத்தி கீர்த்திகா. காரைநகர்ப் பிள்ளை, எங்கள் வலது ஓரத்து வீராங்கனை. அவளுக்கு இப்போது வயிற்றில் ஐந்து மாதம். எல்லோரும் போனபிறகு தனியாக நின்று கேட்டாள்.

“அக்கா, பிள்ளை பிறந்தாப் பிறகு திரும்ப விளையாட வரலாமோ? ஆறுதலுக்குச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கோ.”

பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் அல்ல. மகளுக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானியை இரண்டு தரம் வைத்துப் பார்ப்பேன். இரண்டு தரமும் ஒரே அளவு காட்டினால் வெப்பமானி பழுதோ என்று யோசிப்பேன். கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் எனக்கு இந்தக் குணம் இருக்கவில்லை. அங்கே யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. கீர்த்திகாவுக்கு எழுதியாவது பதில் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சுருவிலில் பிறந்தவள். அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். பாடசாலையில் வலைப்பந்தாட்டத்துக்கு ஆட்கள் கூடிப்போனதால் என்னை உதைபந்தாட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு மாவட்ட அணி, மாகாண அணி. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கழகம். வெளிநாட்டில் இருக்கும் தீவகத்து வியாபாரக் குடும்பம் ஒன்று, பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து விளையாடவைக்கும் கழகமொன்றை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பந்து உதைக்கச் சம்பளமோ என்று அப்பா சிரித்தார். முதல் சம்பளத்தைக் கண்டபிறகு, சப்பாத்தை நல்லதாகப் பார்த்து வாங்கு என்றார். இடையில் இரண்டு பருவங்கள் ஒப்பந்தத்தில் மாலைதீவுக்குப் போய் விளையாடினேன். மற்றபடி பத்து வருடமும் முன்கள வீராங்கனையாக இந்த மைதானத்தில்தான் ஓடினேன்.

என் விளையாட்டைப் பற்றிச் சொல்வதென்றால் ஜெசிந்தா அக்காவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். எங்கள் பயிற்றுநர். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிற குடும்பம். அவரும் ஒரு காலத்தில் பின்களத்தில் நின்று விளையாடியவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட. அணியில் சேரும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘நீர்’ போய் ‘நீங்கள்’ வந்துவிடும். “நீங்கள் கொஞ்சம் இருந்து களை ஆறுங்கோ” என்று சொன்னால், அடுத்த இரண்டு ஆட்டமும் வாங்கிலில்தான் என்று அர்த்தம். பயிற்சிக்குப் பிந்தி வர அவர் ஒப்புக்கொண்ட ஒரே காரணம், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு கடலில் ஆட்களை ஏற்றிவரும் ‘பாதை’ என்ற மிதவை ஓடாமல் நிற்பது. அதையும் இறங்குதுறைக்கு ஆள் விட்டு விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்.

ஆட்டநாளில் எல்லோருக்கும் முந்தி மைதானத்துக்கு வருகிறவர் அவர்தான். நான்கு மூலைக் கொடிகளிலும் சிவப்புச் சீலைத்துண்டு கட்டுவார். எங்கள் மைதானத்தில் சோளகம் வீசும் மாதங்களில் பந்து மனிதர் சொல்வதைக் கேட்காது. கடற்கரைக்கும் மைதானத்துக்கும் நடுவில் காற்றை மறிக்க நாலு பனை வடலிகள்தான் நிற்கின்றன. சீலைத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று நடப்பார். பிறகு ஒவ்வொரு மூலையிலிருந்தும் கோல் காப்பாளரை ஒரு நீளப் பந்து உதைக்கச் சொல்வார். அது விழுந்த இடத்தில் போய் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் யார் எங்கே நிற்பது என்று சொல்வார்.

நாணயச் சுழற்சியில் வென்றால் எங்கள் அணித்தலைவி முதல் பாதிக்கு எதிர்க்காற்றைத்தான் கேட்பாள். வெளியூர் அணிகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். காற்று முதுகில் தள்ளுகிற உற்சாகத்தில் அவர்கள் உதைக்கும் பந்தெல்லாம் எல்லை தாண்டிப் போகும். அதன் பின்னால் ஓடியே களைப்பார்கள். இரண்டாம் பாதியில் அவர்களுடைய கால் சோரும் நேரம் காற்று எங்கள் பக்கம் வந்துவிடும்.

முன்களத்தில் நிற்கிறவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி வேறு. உதைக்கிறவளின் காலைப் பார்க்கவேண்டும். பந்து காலை விட்டதும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, விழப்போகிற இடத்துக்கு ஓடவேண்டும். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் வெறும் நிலத்தைத் தேடி ஓடினோம். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பந்து வரும். நீர் முதல் போம்” என்பார் அக்கா.

இந்தப் பயிற்சியால் கொழும்பில் நான் ஒருமுறை நன்றாக அவமானப்பட்டேன். முதல் வெளியூர் ஆட்டம். நாலு பக்கமும் உயர்ந்த பார்வையாளர் மேடை; உள்ளே காற்று அசையவேயில்லை. மூன்று தரம் கோல் காப்பாளரோடு தனியாக நின்றேன். மூன்று தரமும் பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. சோளகம் தள்ளும் என்று என் கால் தன்பாட்டில் விலத்தி உதைத்திருக்கிறது. வீசாத காற்றுக்கு இடம் விட்டு உதைக்கிற ஆளைக் கொழும்பார் அன்றைக்குத்தான் கண்டிருப்பார்கள். பேருந்தில் அழுதுகொண்டு வந்தேன். ‘நீங்கள்’ என்று கூப்பிடப்போகிறார் என்று காத்திருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து இருந்து கச்சான் கடலைச் சரையை நீட்டினார்.

“உம்மட காலில பிழையில்லை. காலுக்குள்ள வேலணை இருக்கு. அதைக் கொஞ்ச நேரம் வெளியில வைக்கப் பழகவேணும், அவ்வளவுதான்.”

அடுத்த பயணத்தில் எங்களை ஒருநாள் முந்திக் கூட்டிப்போய், ஒரு பாடசாலை மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கிவிட்டுச் சுவரில் சோக்கட்டியால் கோல் கம்பம் கீறி உதைக்கவிட்டார். அதன்பிறகு கொழும்பிலும் எனக்குக் கோல்கள் விழத்தொடங்கின. தலையால் அடிக்கும் பந்துகளுக்குத்தான் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். கொழும்பு அணி ஒன்றில் நெட்டையான பின்கள வீராங்கனை ஒருத்தி இருந்தாள். வருடா வருடம் என்னைப் பிடிப்பதற்கென்றே அவளை விடுவார்கள். அவளுடைய பாஷை எனக்குச் சரியாக வராது, என்னுடையது அவளுக்கு வராது. ஆனால் ஒருத்தியின் முழங்கை மற்றவளுக்கு நன்றாகத் தெரியும்.

கலியாணத்துக்குப் பிறகும் விளையாடினேன். என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஆள் நிறையக் கூடிய இடத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆட்டநாளில் வந்து வேலிக்கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் ஆதிரை பிறந்தபோது, இனிப் பந்து போதும் என்று வீட்டில் எல்லோரும் எனக்காக முடிவெடுத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அல்லது நினைத்ததாக நினைத்தேன். ஜெசிந்தா அக்கா சுருவிலுக்கு வந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, உம்மட பேரை நான் வெட்டேல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு ஆறு மாதமானதும் வைத்தியரிடம் கேட்டேன், ஓடலாம் என்றார். குடும்பநல மாதுவிடம் கேட்டேன், ஓடலாம் என்றார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு வைத்தியரிடமும் கேட்டேன். அம்மா ஒரு வைத்தியரையும் நம்பவில்லை.

“பால் வத்திப்போனால் பிள்ளைக்குப் பந்தையோ குடுக்கப் போறாய்?” என்று கேட்டார்.

விடியற்காலையில் சாட்டிக் கடற்கரை மணலில் மெதுவாக ஓடத்தொடங்கினேன். பால் வற்றவில்லை. ஆனால் உடம்பு பழைய உடம்பில்லை. இடுப்பு என்னுடையதில்லை போலிருந்தது. பாய்ந்தால் எவ்வளவு உயரம் எழும்புவேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பருவம் கழகத்துக்கும் மோசமான பருவம். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், அந்த நெட்டைக்காரியின் அணியோடு. குறைந்தது சமநிலை வேண்டும். தோற்றால் முதற்பிரிவிலிருந்து இறங்கிவிடுவோம். இறங்கினால் சம்பளம் தொடராது என்று வெளிநாட்டிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். சம்பளம் இல்லையென்றால் பாதிப் பிள்ளைகளை வீட்டில் விளையாட விடமாட்டார்கள். மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். முன்களத்தில் ஒருத்திக்கு முழங்கால் பழுது. அக்கா என்னை இறங்கச் சொன்னார்.

பயமெல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். அப்போது அவளுக்கு எட்டு மாதம். போத்தலில் பால் குடிக்கமாட்டாள். கோப்பை, கரண்டி, எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று; துப்பிவிடுவாள். ஆகவே ஆட்டத்துக்குச் சற்று முன் பால் கொடுப்பது, இடைவேளையில் கொடுப்பது, முடிந்தபிறகு கொடுப்பது என்று அக்கா திட்டம் போட்டார். கோடு போடும் சுண்ணாம்பு மூட்டையும் பழைய வலைகளும் கிடந்த தகரக் கொட்டிலைக் கூட்டி, ஒரு கதிரை வைத்தார். எல்லாவற்றையும் யோசித்தார். ஒன்றை மட்டும் அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எங்கள் அணியில் சுபா என்ற பிள்ளை முதலுதவிக்கு இருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் காலிலும் இடுப்பிலும் தோளிலும் தைலம் பூசித் தேய்ப்பது அவளுடைய வேலை. மூக்கில் ஏறுகிற தைலம். பத்து வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பூசியது. அன்றைக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இடுப்புப் பயத்தில், இன்னும் கொஞ்சம் பூசு என்று கேட்டும் வாங்கினேன்.

முதல் பாதியில் எதிர்க்காற்று. ஒரு கோல் வாங்கினோம். நான் பந்தைத் தொட்டது குறைவு. நெட்டைக்காரி என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையால் தொட்டில் ஆட்டுவதுபோல் காட்டிச் சிரித்தாள். கிண்டலில்லை, விசாரிப்பு. நானும் தலையாட்டினேன். அடுத்த நிமிடமே அவளுடைய முழங்கை என் விலாவில் இருந்தது.

இடைவேளைக்கு ஊதியதும் கொட்டிலுக்கு ஓடினேன். கணவர் பிள்ளையோடு நின்றார். அவள் பசியில் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள். நெஞ்சோடு அணைத்ததும் முகத்தைச் சுளித்தாள். திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரு வீரிட்ட அழுகை. மற்றப் பக்கம் மாற்றினேன். இன்னும் பலமாக அழுதாள். பால் வற்றிவிட்டதோ, ஓடி ஓடிப் பால் கெட்டுவிட்டதோ, அம்மா சொன்னதுதான் நடக்கிறதோ என்று மனம் எங்கெங்கோ போனது.

சத்தம் கேட்டு அக்கா உள்ளே வந்தார். வாசலில் நின்று மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.

“தைலம்.”

அவ்வளவுதான் சொன்னார். கணவர் கிணற்றடிக்கு ஓடி ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். காவலாளி வீட்டில் சவர்க்காரம் வாங்கினோம். கழுவினேன், திரும்பக் கழுவினேன். ஜேர்சியிலும் மணம் ஊறியிருந்தது. அக்கா தான் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி என்னைச் சுற்றிப் போர்த்தினார். இவ்வளவும் முடிய, நடுவர் அணிகளை அழைத்து ஊதுகிற சத்தம் கேட்டது. பிள்ளை விம்மிக்கொண்டு அப்போதுதான் வாய் வைத்திருந்தாள்.

கழக முகாமையாளர் வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிற நல்ல மனிதர்தான். வெளிநாட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான்.

“ஜெசிந்தா, வேற பிள்ளையை இறக்கும். நேரமில்லை.”

“இவவை வெளியில எடுத்தால் பேந்து திரும்ப இறக்க ஏலாது, அண்ணை.”

“அப்ப என்ன செய்யப்போறீர்?”

“பிள்ளை குடிக்கட்டும். பத்துப் பேரோட தொடங்குவம்.”

“தோத்தால் ஆர் பதில் சொல்லுறது?”

“நான் சொல்லுறன். சோளகம் எங்கட முதுகில நிக்குது. கொஞ்ச நேரத்துக்கு அது ஓடும்.”

நான் எழும்பப் பார்த்தேன். அக்கா என் தோளில் கையை வைத்து அமர்த்தினார். “நீர் அவசரப்பட்டால் அவளும் அவசரப்படுவாள். முடிய வாரும்” என்று சொல்லிவிட்டு, அரைக்கைச் சேட்டோடு கோட்டுக்கரைக்குப் போய்விட்டார்.

தகரத்துக்கு உள்ளே இருந்த எனக்கு ஆட்டம் சத்தமாக மட்டும்தான் இருந்தது. சனம் கத்தும்போதெல்லாம் மகள் குடிப்பதை நிறுத்தித் தலையைத் திருப்புவாள். திரும்ப அமர்த்துவதற்குள் அடுத்த கூச்சல். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்கிறவர் வேறு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இப்படிப் போனால் ஆட்டம் முடியும்வரை அவள் குடித்து முடிக்கமாட்டாள். கணவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், வெளியே போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் வர்ணனை நின்றது. ஒரு கரகரப்பு. பிறகு அதே வர்ணனையாளர், கோயில் மணி அடித்தபிறகு பேசுகிற குரலில் சொன்னார்:

“அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, எங்களுடைய முன்கள வீராங்கனையின் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து சத்தம் போடாமல் ஆட்டத்தைப் பார்க்கவும்.”

யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். அதோடு வேலணை மைதானம் வாயை மூடிக்கொண்டது. சோளகத்தில் தகரம் அடிபடும் சத்தமும், பந்து உதைபடும் சத்தமும், சப்பாத்துகள் ஓடும் சத்தமும், என் மகள் விழுங்கும் சத்தமும்தான் கேட்டன. எங்கள் பத்துப் பிள்ளைகளும் பந்தைக் கேட்டுக் கத்தாமல் கையைக் காட்டி விளையாடினார்களாம். கீர்த்திகா முன்களத்துக்கும் பின்களத்துக்கும் ஒருத்தியாகவே ஓடினாளாம். ஒன்றும் விளங்காத கொழும்புப் பிள்ளைகள், ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாங்களும் மெதுவாகப் பேசினார்களாம். பிறகு கேள்விப்பட்டதுதான் இவையெல்லாம். ஒரு கோல்கூட விழவில்லை என்பது மட்டும் அப்போதே எனக்குத் தெரிந்தது. விழுந்திருந்தால் எந்த அறிவிப்பும் சனத்தை அடக்கியிருக்காது.

மகள் ஒரு பக்கம் மட்டும் குடித்துவிட்டு, வாயைத் துடைக்கவும் விடாமல் நித்திரையானாள். மற்றப் பக்கம் கல்லாய்க் கனத்தது. அப்படியே ஜேர்சியைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கரைக்கு வந்தேன். நடுவர் கையசைக்க உள்ளே போனேன். கைதட்டலில்லை. சனம் இன்னும் பிள்ளைக்காக அமைதியாகவே இருந்தது.

கடைசிக் கட்டத்தில் எங்கள் கோல் காப்பாளர் உயர்த்தி ஒரு பந்து உதைத்தாள். அவள் காலைப் பார்த்தேன். விழுகிற இடம் தெரிந்தது. திரும்பி ஓடினேன். நெட்டைக்காரி என்னோடு ஓடிவந்தாள். பந்து தலைக்கு மேல் வந்தது, அவள் எழும்பினாள். பந்து அவளையும் தாண்டி, என்னையும் தாண்டி, காற்றோடு அப்பால் போனது. அங்கே கீர்த்திகா தனியாக நின்றாள். அவளை மறிக்கவேண்டியவள் என்னை மறிக்க வந்திருந்தாள். கீர்த்திகா நிதானமாக உதைத்தாள்.

அதற்குப் பிறகு சனம் அடங்கவில்லை. மகள் எழும்பி அழுதிருப்பாள் என்று கொட்டிலைப் பார்த்தேன். கணவர் அவளுடைய இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்றுக்கு ஒன்று. முதற்பிரிவில் தங்கிவிட்டோம். முகாமையாளர் அண்ணை அக்காவிடம் வந்து, வெளிநாட்டுக்கு என்ன சொல்லுறதெண்டு இப்ப எனக்குத் தெரியும் என்றார். நெட்டைக்காரி கொட்டிலுக்கு வந்து மகளைத் தூக்கி, அவளுடைய உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

பந்தைத் தொடாமல் விட்டுக்கொடுத்து அந்தக் கோலுக்கு வழி செய்தேன் என்று ஊரில் பேசினார்கள். என்னவொரு மூளை என்றார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி செமிக்கவில்லை. உண்மையில் விட்டேனா, எட்டவில்லையா? எத்தனை தரம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன், விடைபெற்றுக்கொள்ளப் போனபோது ஜெசிந்தா அக்காவிடமே கேட்டேன். அவர் மூலைக் கொடிகளில் இருந்த சீலைத்துண்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டேல்லை” என்றார். “உம்மட கால் நிலத்தை விட்டுச் சரியா எழும்பவேயில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே நிண்டனான்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் சீலைத்துண்டை மடித்தபடி சொன்னார்.

“ஆனால் அந்த நெட்டைப் பிள்ளை எழும்பினது சும்மா இல்லை. பத்து வருசமா நீர் எழும்பின எழும்பல் எல்லாத்துக்கும் சேர்த்து அண்டைக்கு எழும்பினவள். மற்றவளும் அதை நம்பித்தான் உம்மட்டை ஓடிவந்தவள். அதுவும் நீர் அடிச்ச கோல்தான்.”

கீர்த்திகா, அந்த அமைதிக்குள் எனக்காக ஓடியவள் நீ. நீ கேட்டதற்கு இதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. உடம்பு பழையபடி வருமா என்று எனக்குத் தெரியாது; எனக்கு முழுதாக வரவில்லை. ஆனால் நீ கொட்டிலுக்குள் இருக்கும் நேரம் வெளியே பத்துப் பேர் விளையாடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். புதிய அறையின் கதிரையில் நான் இருந்து பார்த்தேன். முதுகுக்குச் சரியாக இருக்கிறது. ஏணைக் கொளுக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். நம்பிக்கையில்லாமல் மூன்றாம் தரம் கணவரைக் கொண்டும் இழுப்பித்தேன். தாங்கும்.

ஒன்று மட்டும். ஆட்டநாளில் சுபா தைலப் போத்தலோடு வந்தால், முழங்காலுக்கு மேலே பூசவிடாதே.